போய்ட்டு வரேன்னு சொல்லாத உயிர்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி சொன்னாள், "நேத்து நான் செத்ததுல இருந்து சோறே எறங்கலடி."

எனக்குத் திக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது, பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டாம். அதில் இவள் மந்திரக்காரி. கதை நடத்துகிறவள் மற்றவள்.

"ரெண்டு வருசமா ஆடி ஆடி ஏத்தின லெவலுடி! ஆட்டத்துல நம்ம கூட வர பூசாரி வைரத்தைப் பொடி பண்ணி உயிர் எழுப்புற மந்திரம் சொல்லிட்டான் இல்ல? எழுப்பி விடேன்டி."

"செத்த உயிருக்குத் திரும்பி வர இஷ்டம் இருக்கணும், அதான் ரூலு. டிராகன் நெருப்பு கக்கினப்போ நீ இன்னா சொன்ன? 'போறேன்'னு சொன்ன. 'போய்ட்டு வரேன்'னு சொல்லல."

"எரிஞ்சிக்கினு கீறவளுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா?"

"வரணும்."

"பாவி! இனிமே எங்க வூட்டு மாம்பழம் துன்ன வந்துடாத!"

புத்தலப்பட்டு வந்தது. மந்திரக்காரி பையைத் தூக்கிக்கொண்டு கோபமாக இறங்கினாள். கடைசிப் படியில் பழக்கதோஷத்தில் திரும்பி, "சரிடி, போய்ட்டு வரேன்" என்றாள்.

மற்றவள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள், "சொல்லிட்டா! சொல்லிட்டா! எழுந்திருடி, உயிர் வந்துடுச்சி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கீழே நின்றவள் ரோட்டிலேயே குதித்தாள்.

"நாளைக்கு மாம்பழம் எடுத்தாறேன்டி!"