கடைசிப் பட்டாளத்தின் நீலக் கழுத்துப்பட்டி

ஈயச் சிப்பாய்களுக்கு வர்ணம் அடிப்பதற்கு முன்னால் வெந்நீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிக்கொண்ட பிசுக்கு போகாவிட்டால் வர்ணம் பிடிக்காது. நம் கிளப்பில் பாதிப் பேர் கழுவுவதில்லை. நான் கழுவுவேன். என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் சுத்தம் இல்லாதவள் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஹிலரி, கிளப் செயலாளர் என்ற முறையில் நடந்ததை எழுதித் தரும்படி கேட்டீர்கள். தருகிறேன். கோபத்தில் செய்தாள் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். கோபம் எனக்கு எப்போதும் இருப்பது. அதை வைத்துக்கொண்டுதான் பல் தேய்க்கிறேன், பஸ் பிடிக்கிறேன், வேலைக்குப் போகிறேன். இது நிதானமாகச் செய்தது.

இதைக் கமிட்டியில் வாசிக்கும்போது வெளியாட்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் நாட்டிங்காம் மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் கூடி, கட்டைவிரலில் பாதி உயரமுள்ள சிப்பாய்களை மேஜைமேல் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துகிறவர்கள். எல்லோரும் வரி கட்டும் பெரியவர்கள். வர்ணம் அடிக்காத சிப்பாய் மேஜை ஏறக் கூடாது என்பது கிளப்பின் பழைய கட்டுப்பாடு. அதனால் போர் கொஞ்சம், வர்ணம்தான் நிறைய.

என் அம்மா கோழிக்கறி பொட்டலம் கட்டும் ஆலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். எங்கள் வீட்டில் தட்டில் விழுந்ததை முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஒரு ஷூ கிழியாமல் அடுத்த ஷூ கிடையாது. அந்தக் குடும்பத்திலிருந்து முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். வேதியியல் படித்து, தண்ணீர் வாரிய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்ததும், முதல் சம்பளத்தில் வைக்கிங் சிப்பாய்கள் ஒரு பெட்டி வாங்கினேன். அது பாதியில் இருக்கும்போதே ஒட்டகப் படை ஒன்று வாங்கினேன். அந்தச் சுகம் உங்களுக்குப் புரியாது ஹிலரி, உங்கள் அப்பா வீட்டில் பியானோ இருந்தது. ஒன்றை முடிக்காமலே இன்னொன்றைத் தொடங்குவது வசதியானவர்களின் பழக்கம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அதனால் இப்போது என் வைக்கிங்குகளுக்குக் கேடயம் உண்டு, முகம் கிடையாது. ஜப்பானியக் குதிரைகள் எல்லாம் தயார்; அவற்றின்மேல் ஏற வேண்டியவர்கள் இன்னும் பிளாஸ்டிக் சட்டத்தைவிட்டே வெட்டப்படவில்லை. பூதப் படைக்கு இடது பக்கம் மட்டும் பச்சைத் தோல். ரஷ்ய டாங்கிகள் என் குளியல் தொட்டிக்குப் பின்னால் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வீட்டில் இடம் போதாமல் மிச்சத்தைக் கிளப் அலமாரியில் வைத்தேன். ஜனவரியில் அந்த அலமாரி கதவைத் திறந்ததும் என் பெட்டிகள் சரிந்து கிளப்பின் டீப்பாட்டை உடைத்தன. அதிலிருந்துதான் ஆரம்பம்.

நெவில் ஆஸ்க்யூ நம் தலைவர், ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், என்னை முதல் நாளிலிருந்து ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறவர். பிறர் சிப்பாயின் கோட்டில் பட்டன்களை எண்ணி, ஒன்று குறைகிறது என்று சொல்லக்கூடியவர். உடைந்த டீப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்:

“ஏன் பாப்பா, டிகிரியாவது முடிச்சியா, இல்ல அதுவும் இந்த அலமாரியிலதான் இருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான் ஹிலரி. குறையாகச் சொல்லவில்லை, நல்ல கேலிதான். நானும் சிரித்தேன்.

அந்த வேகத்திலேயே புது விதியும் வந்தது. மே மாதக் கண்காட்சிக்குள் ஒவ்வொருவரும் ஒரு படையை முழுதாக முடிக்க வேண்டும். முடித்தவர், முடிக்காதவரின் பெட்டிகளிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதை முடிப்பது? ஒன்றை எடுத்தால் மற்றவை என்னைப் பார்க்கின்றன. பிறகுதான் விதியில் இருந்த வழி கண்ணில் பட்டது. யாருமே முடிக்காவிட்டால் எடுத்துக்கொள்ள ஆளில்லை. நான் முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் கெமிக்கல்காரி என்பதால் மற்றவர்களின் படைமேல் எதையாவது ஊற்றியிருப்பேன் என்று நம் கிளப் டாரன் சந்தேகப்பட்டானாம். அது எனக்கு அவமானம். அடுத்தவர் சிப்பாயை நான் தொட மாட்டேன். நான் பரிசு கொடுத்தேன், அவ்வளவுதான். மே மாதத்துக்குள் முடிக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் மூன்றே பேர்.

டாரன் ரோமானியப் படையில் கடைசி வரிசையில் இருந்தான். ஒரே ஒரு கடற்கொள்ளைக்காரனை வாங்கி, மூன்று வாரம் உட்கார்ந்து, கண்ணில் இருக்கும் சிவப்பு நரம்புவரை வர்ணம் அடித்து, அவன் வேன் டாஷ்போர்டில் வைத்தேன். “சும்மா, உன் ஞாபகம் வந்துச்சு” என்றேன். இந்த வியாதி நம் எல்லோருக்கும் உண்டு. ஒரு புதுச் சிப்பாயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவன் அன்றைக்கே பாதி விழுந்துவிட்டான். “ஒரே ஒரு கப்பல்தான் தாயே, வேற ஒண்ணும் வாங்கல” என்று அடுத்த செவ்வாய் சொன்னான். அதற்கடுத்த செவ்வாய் துறைமுகமே கட்டிக்கொண்டிருந்தான். ரோமானியர்கள் கராஜுக்குப் போய்விட்டார்கள்.

பல் டாக்டர் கோலினுக்கு இன்னும் சுலபம். அவரிடம் ஆலோசனை கேட்டால் போதும். முதல் உலகப் போர் விமானம் ஒன்றை முடித்துக் கொண்டுபோய், இதன் இறக்கை நிறம் சரிதானா என்று கேட்டேன். தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. புத்தகங்கள் வாங்கினார். பிறகு விமானங்கள் வாங்கினார். மார்ச்சில் அவருடைய நோயாளி ஒருவர் வாயைத் திறந்துகொண்டே இத்தாலிய விமானப்படையின் கதை முழுவதையும் கேட்டிருக்கிறார். பாதியில் நின்ற சாக்ஸன் படையைப் பற்றிக் கேட்டால், “எந்த சாக்ஸன்?” என்றார்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லை. இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மிச்சம் நெவில்.

நெவில் வழிதவறாத மனிதர். ஆசிரியராகச் சேர்ந்த காலத்திலிருந்து ஒரே போர், வாட்டர்லூ. ஒரே பக்கம், வெலிங்டன் பக்கம். அந்தப் படையில் ஒரே ஒரு பட்டாளம்தான் பாக்கி. பிரன்ஸ்விக் நாட்டுக் காலாட்கள்: கறுப்பு உடுப்பு, கழுத்தில் வெளிர்நீலப் பட்டி, தொப்பியில் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு மண்டையோடு. மிகப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அவரை வீட்டில் இறக்கிவிடுவது நான்தான், என் வழியில் இருக்கிறார். பிப்ரவரியில் ஒருநாள் காரில் சொன்னார்.

“உன் முகத்துல மூக்கு இருக்கற எடத்துல ஒரு ஓட்டைதான் தெரியுது பாப்பா. ஒரு கண்ணு போயாச்சு. இன்னொண்ணுக்கும் ஆரம்பிச்சிருச்சு. கோடைவரைக்கும்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

நான் சிக்னலைப் பார்த்தேன். சிவப்பு.

“யார்கிட்டயும் சொல்லாத. பரிதாபப்பட்டு என்னை ஜெயிக்க விட்ருவானுங்க. ஒரு தடவ மொத்தப் படையும் மேஜைமேல நிக்கறத என் கண்ணால பாத்துட்டாப் போதும். அப்புறம் என்ன வேணா ஆகட்டும்.”

விதியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “உன் ஒட்டகத்த வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? நீயே மேய்ச்சுக்க.”

ஆக, அவர் என் பெட்டிகளை எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் விதி விதிதான். இன்றைக்கு வேண்டாம் என்பவர் மே மாதத்தில் மனம் மாறலாம். மேலும், அந்த மேஜையை மனதில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு இடைவெளிகூட இல்லாமல், எல்லாக் கோட்டிலும் எல்லாப் பட்டனோடும் ஒரு முழுப் படை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நெவிலைக் கடற்கொள்ளைக்காரர்களால் அசைக்க முடியாது. பூதங்களைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார். கண் போகிற மனிதருக்கு எதில் ஆசை இருக்கும் என்று யோசித்தேன். கண்ணுக்குத் தெரிவதில்தான்.

அவருக்குப் பெரிய சிப்பாய் ஒன்று கொண்டுபோனேன். நடுவிரல் உயரம். பழைய காலத்துக் குழந்தைகள் விளையாடுவார்களே, அந்த மாதிரி, பளபளவென்று சிவப்புக் கோட்டு, ரோஜாப்பூக் கன்னம். அவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, நல்ல கண்ணின் ஓரத்தால் பார்த்தார்.

“இவனுக்கு மூக்கு இருக்கு,” என்றார்.

“கண்ணுக்குக் கஷ்டம் இல்ல, நெவில். சின்னதுங்கள ரெண்டு வாரம் ஓரமா வைங்க. கண்ணுக்கும் ஓய்வு. அப்புறம் தெம்பா பிரன்ஸ்விக்க எடுத்துக்கலாம்.”

“ரெண்டே வாரம்,” என்றார்.

நான் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று. நெவில் அந்த வசந்தத்தில் ஒரு சின்னப் பையனைப் போல இருந்தார். விசில் அடித்துக்கொண்டே வர்ணம் அடித்தார். பட்டன்களை எண்ணவில்லை. “பட்டன் எல்லாம் எதுக்கு பாப்பா, ஜாலியா இருக்கணும்,” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவருடைய கடைசி நல்ல வெளிச்சத்தை நான்தான் சந்தோஷமாக்கினேன். ஈஸ்டர் விடுமுறை முடிந்து பிரன்ஸ்விக் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே மங்கலாகக் குச்சிகள் மாதிரி ஏதோ இருப்பது மட்டும் தெரிகிறது என்றார். தூரிகையை எடுத்தார். வைத்தார். டீ போடட்டுமா என்று என்னைக் கேட்டார்.

கண்காட்சியில் நம் கிளப் மேஜையில் அவர் படையை வைத்தோம். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் காலி. பார்க்க வந்த ஒருவர் இங்கே என்ன விட்டுப்போச்சு என்று கேட்டார். “பிரன்ஸ்விக்காரங்க. வந்துட்டே இருக்காங்க, ரோடு கொஞ்சம் சேறு,” என்றார் நெவில். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தப்பான திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

யாரும் முடிக்கவில்லை. விதி செத்துப்போனது. என் ஒட்டகங்கள் பத்திரம்.

நான் மாட்டிக்கொண்டது என் சுத்தத்தால். சிப்பாய் நிற்கும் அடித்தட்டின் விளிம்புக்கு ஒவ்வொருவரும் ஒரு நிறம் அடிப்போம். ஒருவர் கையெழுத்து மாதிரி அது. நான் அடிப்பது நாவற்பழ நிறம், வேறு யாரும் அடிப்பதில்லை. பரிசு என்றாலும் விளிம்பை அடிக்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்காட்சி முடிந்து சாமான் கட்டும்போது டாரனின் கொள்ளைக்காரனும் கோலினின் விமானமும் நெவிலின் சிவப்புக்கோட்டும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. டாரன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“தாயே, இதுக்கு ஆன நேரத்துல உன் படையவே முடிச்சிருக்கலாமே.”

நானும் அதை யோசித்திருக்கிறேன். ஆனால் அது ஒரே ஒரு படையாகத்தான் இருந்திருக்கும்.

நெவிலிடம் நீங்கள்தான் போய்ச் சொன்னீர்கள். திட்டுவார் என்று எதிர்பார்த்தீர்கள், தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெரிய சிப்பாய் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு காலால் தடவி, கீழே இருந்த பிரன்ஸ்விக் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“நீயே முடிச்சுக் குடு. டிகிரி முடிச்சவதானே.”

இந்த முறை அதில் கேலி இல்லை. அல்லது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறார். எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்கிறார், சொல்கிறேன். கறுப்பு உடுப்பு முடிந்தது, சுத்தக் கறுப்பு இல்லை, மடிப்புகளில் கொஞ்சம் நீலம் கலந்தேன். மண்டையோடுகளுக்கு ஒற்றை முடித் தூரிகை. கழுத்துப்பட்டிக்கு நீலம் எப்படி என்று போன வாரம் கேட்டார். ட்ரென்ட் ஆற்றுமேல் மழை விட்டதும் கொஞ்ச நேரம் தெரியுமே, அந்த நீலம் என்றேன். “நல்லா வந்திருக்கு பாப்பா,” என்றார்.

வருகிற செவ்வாய்க்கிழமை படை முழுவதையும் கூடத்து மேஜையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பார்க்க முடியாது, தொட்டுக்கொண்டே போவேன் என்றார். ஹிலரி, நான் இவ்வளவையும் எழுதுவது அதற்காகத்தான். நெவில் இருக்கும்போது இதை வாசிக்காதீர்கள். அன்றைக்கு நீங்களும் டாரனும் கோலினும் மேஜையைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்க வேண்டாம். இத்தாலியில் புது ஒட்டகப் பீரங்கிப் படை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, அதனால் எனக்கு இந்த மாதம் கொஞ்சம் நெருக்கடி. பிரன்ஸ்விக்மேல் இன்னும் தூரிகை படவில்லை; நிச்சயம் எடுப்பேன், அடுத்தது அதுதான். எல்லோரையும் வெந்நீரில் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டேன். வர்ணம் என்பது ரொம்ப மெல்லிய தோல், விரலுக்குத் தெரியாது. நேற்று நானே கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கழுத்தாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் முடிந்துதான் இருக்கிறது.