இந்த வாரம் கதவு

என் மகன் ஒரு வங்கியில் கணக்காளர். அவனுடைய வேலையை நான் பின்தொடர்வதில்லை. அதில் பின்தொடர ஒன்றும் இல்லை. காலையில் போகிறான், சாயங்காலம் வருகிறான், நடுவில் யாரும் கைதட்டுவதில்லை. ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நானும் ஹாக்கி ஆடியிருந்தா என்னைப் பத்தியும் எழுதியிருப்பீங்க இல்லப்பா?" என்று கேட்டான். "உனக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும்டா" என்றேன். உள்ளதைச் சொன்னேன். அதற்குப் போய் என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், சார், நான் பாசத்தில் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். சொந்தப் பிள்ளையையே சரியாக எடை போட்டவன். விசாரணை என்று வந்துவிட்டீர்கள், நிதானமாகவே பேசலாம்.

கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறை என் பொறுப்பு. மைதானத்துக்குப் பின்னால், குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரப்பரும் ஈரக் காலுறையும் கலந்து ஒரு வாசனை வரும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்; பழகியவர்கள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிள்ளைகள் ஹாக்கி மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் கைப்பிடியில் சுற்றியிருக்கிற பழைய கிரிப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். சுற்றி முடித்ததும் நுனி பிரியாமல் இருக்கச் சிவப்பு நூலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவேன். ஓவியன் மூலையில் கையெழுத்துப் போடுகிறானே, அந்த மாதிரி. சிவப்பு நூல் இல்லாமல் ஒரு சாமான் என் அறையை விட்டு வெளியே போனதில்லை.

படிப்பு முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். பெரும்பாலானவர்கள் என் மகனைப் போல் ஆகிவிடுவார்கள். ஒன்றிரண்டு பேர்தான் பெரிய கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடப் போவார்கள். அவர்களைப் பற்றி வாரா வாரம் கல்லூரி இணையதளத்தில் ஒரு பக்கம் போட வேண்டும் என்று முதல்வருக்கு ஆசை. ஆசிரியர்கள் யாருக்கும் நேரமில்லை. "நான் எழுதறேன்" என்றேன். "உங்களுக்கு எழுத வருமா?" என்று கேட்டார். இரண்டாவது வாரமே அந்தக் கேள்வியை மறந்துவிட்டார். 'நம் பிள்ளைகள் இப்போது' என்பது நான் வைத்த தலைப்பு. எந்த ஊரில் ஆட்டம், எத்தனை கோல், எங்கே வலி, எல்லாம் அதில் இருக்கும்.

என் பக்கத்தின் இரண்டு தூண்கள், குண்டூசியும் கதவும். இரண்டும் நான் வைத்த பெயர்கள்தான். குண்டூசி முன்வரிசை ஆட்டக்காரன். ஒல்லி. இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் காற்று நுழையும் இடம் இருந்தால் அவனும் நுழைந்துவிடுவான். கதவு கோல்கீப்பர். பெயரே போதும், விளக்கம் வேண்டாம். இரண்டு பேரும் இரண்டு வேறு கிளப்புகளுக்குப் போனார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டப் பருவமும் தொடங்குவதற்கு முன்னால் தங்கள் சாமான்களை எனக்கு அனுப்பிவிடுவார்கள். கிளப்பில் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், இயந்திரம்கூட இருக்கிறதாம். "அண்ணன் கை பட்டாத்தான் ராசி" என்பார்கள். ராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவர்களுக்கு இருந்தது, அதைக் கெடுப்பானேன்?

பக்கம் தொடங்கிய புதிதில் குண்டூசி எல்லா ஆட்டத்திலும் கோல் போட்டுக்கொண்டிருந்தான். நல்ல விஷயம்தான். ஆனால் எழுதுகிறவன் பாடு உங்களுக்குத் தெரியாது. 'இந்த வாரமும் குண்டூசி கோல் அடித்தான்' என்று எழுதினேன். அடுத்த வாரமும் அதையே எழுதினேன். உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது. கீழே ஒருவர்கூட ஒரு வரி போடவில்லை. அப்புறம் ஒருநாள் அவன் பேருந்திலிருந்து இறங்கும்போது தானாகவே கால் பிசகி விழுந்தான். அதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, அதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் பக்கத்தின் கீழே ஒரே கூட்டம். பழைய மாணவர்கள், அவர்களுடைய அம்மாக்கள், எந்தக் காலத்திலோ ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர் எல்லோரும் வந்து, 'எப்படி இருக்கிறான், எப்போது ஆடுவான்' என்று கேட்டார்கள். அவன் திரும்பி வந்து கோல் அடித்த வாரம் பேராசிரியர் கவிதையே எழுதிவிட்டார். கவிதை சுமார்தான்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. விழாதவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அடுத்த பருவத்துக்கு மட்டை வந்தபோது பழைய கிரிப்பின் மேலேயே புதியதைச் சுற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். கைப்பிடி ஒரு சுற்றுத் தடித்துவிட்டது, கண்ணால் பார்த்தால் தெரியாது. கைக்குத் தெரியும், ஆனால் கைக்குப் பேச வராதே. குண்டூசிக்குக் கோல் வறண்டுவிட்டது. வெளியே அடித்தான், கம்பத்தில் அடித்தான், ஒருமுறை நடுவரின் முழங்காலில் அடித்தான். பக்கம் களைகட்டியது. கடைசியில் அவனே போனில் அழுதான்.

"என் கை என் கை மாதிரியே இல்லண்ணே. கிளப்ல என்னைக் கழட்டி விட்டுருவாங்க போல."

"அழாதடா. மட்டையை அனுப்பு, ஒரு பார்வை பாத்துடறேன்."

இரண்டு கிரிப்பையும் உரித்துவிட்டு ஒன்றை மட்டும் சுற்றி அனுப்பினேன். முதல் ஆட்டத்திலேயே கோல். மைதானத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் வாழ்க்கையிலேயே அதைவிட மகிழ்ச்சியான கோல் கிடையாது, அவனே சொல்லியிருக்கிறான். அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் தம்பட்டம் அடித்துக்கொள்கிற ஆள் இல்லை.

அதன் பிறகு தேவைப்பட்டபோது மட்டும் செய்தேன். தோட்டக்காரன் கிளையை வெட்டுகிற மாதிரி, அளவாக.

இனி கதவு. நீங்கள் வந்ததே அதற்காகத்தான், தெரியும்.

போன பருவத்தின் கடைசியில் ஒருநாள் போன் செய்தான். குரலே வேறு மாதிரி இருந்தது. "அண்ணே, போதும்னு முடிவு பண்ணிட்டேன். தோள்பட்டை ஒத்துழைக்கல. அவளும் நானும் கடை போடறோம்" என்றான். அவன் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை, விளையாட்டுப் பை எல்லாம் தைப்பாள். நல்ல கைவேலை. என் மேல் மட்டும் அவளுக்கு ஏனோ ஓர் ஒட்டுதல் வரவில்லை. அவள் தைப்பாளாம், இவன் முன்னால் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பானாம். கோல் முன்னால் நிற்க வேண்டியவன் கல்லாப்பெட்டி முன்னால் உட்காரப் போகிறான்.

"இனிமே என்னைப் பத்தி எழுத உங்களுக்கு ஒண்ணுமே இருக்காதுண்ணே" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் அவன் நிம்மதியாகச் சிரிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அவனைப் பதினெட்டு வயதிலிருந்து தெரியும். உள்ளே அழுகிறான் என்று புரிந்துவிட்டது. மனசு ஆறவில்லை. 'கதவு ஓய்வு பெற்றான்.' இந்த ஒரு வரியோடு அவன் கதையை முடிப்பதா? குண்டூசி ஒருவனை வைத்துக்கொண்டு நான் எத்தனை வாரம் ஓட்டுவேன்? அதைக்கூட விடுங்கள், என் கஷ்டம் எனக்கு. அவன் கௌரவம் என்ன ஆவது?

கதவைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். அடிபட்டுப் படுத்தால் அப்படியே விடமாட்டான், ரோஷக்காரன். எழுந்து வந்து இன்னொரு பருவம் ஆடிக் காட்டிவிட்டுத்தான் ஓய்வான். கல்லூரியில் ஒருமுறை விரல் முறிந்தபோது அப்படித்தான் செய்தான். ஆகவே நெற்றியில் சின்னதாக ஒரு காயம், இரண்டு தையல் போதும். கடை கொஞ்சம் தள்ளிப் போகும், கடைக்கு என்ன அவசரம்?

"கடைசி மேட்ச்தானே, ஹெல்மெட்டை அனுப்பு. நல்லா பாத்துத் தரேன்" என்றேன். பின்னால் அவள் குரல் கேட்டது. "எதுக்கு? அதெல்லாம் கிளப்ல பாத்துக்க மாட்டாங்களா?" அவன், "சும்மா இரு, அண்ணன் ஆசையா கேக்கறாரு" என்றான்.

ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் கம்பெனித் தையலைப் பிரித்துவிட்டு, வேகமாக ஒரு குலுக்குக் குலுக்கினால் விடுகிற மாதிரி நான் ஒரு தையல் போட்டேன். பொறுப்பில்லாமல் செய்யவில்லை. என் தலையிலேயே மாட்டி, கட்டில் மேல் நின்று குதித்துப் பார்த்தேன். மனைவி வாசலில் நின்றுகொண்டு, "இந்த வயசுல என்ன வேஷம் இது?" என்றாள். "பிள்ளையோட பாதுகாப்பு விஷயம், நீ போ" என்றேன். இரண்டாவது குதிப்பில் விட்டது. திருப்தியாக இருந்தது. திரும்பத் தைத்து முடித்துவிட்டு, கை போன போக்கில், ஓரத்தில் சிவப்பு நூலால் மூன்று சுற்றுச் சுற்றினேன். சுற்றாமல் இருந்திருக்கலாம். ஆனால் அரைகுறை வேலையாக ஒரு சாமானை வெளியே அனுப்ப எனக்கு மனசு வராது.

ஆட்டத்தைச் சாமான் அறையில் உட்கார்ந்து கணினியில் பார்த்தேன். எதிரணிக்குப் பெனால்டி கார்னர், கோலைப் பார்த்து ஓங்கி அடிக்க ஒரு வாய்ப்பு. முதல் பந்தைக் கதவு தலையாலேயே தடுத்தான், எப்பேர்ப்பட்ட தடுப்பு. நான் நினைத்தபடியே பட்டை விட்டது, ஹெல்மெட் கழன்று போனது. ஆனால் பந்து வெளியே போகாமல் எதிரணிக்காரனிடமே திரும்பிப் போய்விட்டது. அவன் மறுபடியும் அடித்தான். அந்த இரண்டாவது பந்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் கணக்காளர் நான் இல்லையே, என் மகன்தானே.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணையும் காப்பாற்ற வேண்டும், சிரமப்படுத்தக் கூடாது என்று மருத்துவர் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார். நான் மருத்துவமனையில் அழுதேன். நடிப்பில்லை சார், விக்கி விக்கி அழுதேன். அவன்தான் என் கையைத் தடவி, "விடுங்கண்ணே, விளையாட்டுன்னா இதெல்லாம் இருக்கும்" என்று தேற்றினான். அந்த வாரம் என் பக்கத்தைப் படித்த அளவுக்குக் கல்லூரி இணையதளத்தில் வேறு எதையும் யாரும் படித்ததில்லை. முதல்வரே கூப்பிட்டு, கண் கலங்கிவிட்டது என்றார். பேராசிரியரின் கவிதை இந்த முறை உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போனேன். கண்ணில் கட்டோடு அவனால் படிக்க முடியாதல்லவா, அதனால் அவனைப் பற்றி எழுதியதை நானே வாசித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருப்பாள். நான் வாசிக்க ஆரம்பித்ததும் தையல் இயந்திரம் வேகமாக ஓடும்.

போன ஞாயிறு இயந்திரம் ஓடவில்லை. கிளப்பிலிருந்து அவன் சாமான் பையை அனுப்பியிருந்தார்கள், ஹெல்மெட் மேசை மேல் இருந்தது. அவள் பட்டையின் ஓரத்தை விரலால் தூக்கிக் காட்டினாள்.

"இது கம்பெனித் தையல் இல்ல. தைக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? இந்தச் சிவப்பு நூல் யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க."

உங்களிடம் மட்டும் இல்லை, அன்றைக்கு அவளிடமும் நான் பொய் சொல்லவில்லை. "என்னோடதுதாம்மா" என்றேன். பட்டையைத் தளர்த்தியது நான்தான். மட்டையைத் தடிக்க வைத்ததும் நான்தான். நீங்கள் எழுதி வைத்திருப்பது எல்லாம் சரி. 'தீங்கு செய்யும் நோக்கத்தோடு' என்று ஓர் இடத்தில் போட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவர்கள் போன இடமெல்லாம் நான் கூடவே போனேன், வேறு என்ன செய்தேன்? பெற்றவர்களே அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் முக்கியம். அவள் கத்தினாள், அழுதாள், உங்களுக்குப் போன் செய்தாள். கதவு ஒரு வார்த்தை திட்டவில்லை. ஹெல்மெட்டை மடியில் வாங்கி வைத்துக்கொண்டான். பார்க்க முடியாததால் விரலால் தடவி அந்த முடிச்சைக் கண்டுபிடித்தான். மூன்று சுற்றையும் எண்ணினான். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, இந்த வாரம் என்னைப் பத்தி என்ன எழுதப் போறீங்க?"

பார்த்தீர்களா, அந்த நிலைமையிலும் அவனுக்குப் பக்கத்தின் மேல்தான் அக்கறை.