அம்மாக்கண்ணுக்குப் போட்ட ஊசி

— வலிக்குதா கண்ணு?

— சிக்குலதாங்க வலிக்குது, தோள்ல இல்ல. நீங்க இழுங்க.

— இழுங்கன்னு சொல்லிட்டு அப்பறம் கத்துவ. முந்தாநேத்து நீ போட்ட சத்தத்துல பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கவன் எட்டிப் பாத்தான், தலைவரு பொண்டாட்டிய அடிக்கிறாருன்னு.

— பின்ன என்ன, கோழி குப்பையச் சீய்க்கிற மாதிரியா தல சீவுவாங்க? எண்ணையத் தொட்டுக்கிட்டு நுனியில இருந்து வாங்க. மூணு வருஷமா சீவுறீங்க, இன்னும் உச்சியில இருந்தே ஆரம்பிக்கிறீங்க.

— இருபத்திரெண்டு வருஷமா இந்தத் தோட்டத்துக்குச் சங்கத் தலைவரு நான். எத்தன தொரைமார வழிக்குக் கொண்டாந்திருக்கேன். இந்தத் தல மட்டும் வழிக்கு வர மாட்டேங்குது.

— தொரைகிட்ட பேசுற மாதிரி அதுகிட்டயும் கொஞ்சம் பேசிப் பாருங்க.

— வாய்க்கு மட்டும் ஒரு நோவும் வரல. சரி, காலையில எப்படி இருந்துச்சு? கட்டில்ல இருந்து நீயா எறங்கினியா, இல்ல புள்ள தூக்கி விட்டாளா?

— நானாத்தான் எறங்கினேன். தொடையிலதான் புடிப்பு, ஒரு மணி நேரம் போனா விட்டுரும். தோளு எப்பவும் போலத்தான். காதுக்கு மேல கை போகாது.

— மாத்திரை?

— போட்டுட்டேன். சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன், அதயும் கேக்காதீங்க. டொக்டர் பாதியாக் கொறச்சதுக்கு அப்பறம் மொக வீக்கமும் கொறஞ்சிருச்சு. என்னங்க.

— ம்.

— புள்ள பீலித் தண்ணியில மொகம் கழுவுறா. அவ வாறதுக்குள்ள ஒரு விசயம்.

— அந்தக் கடுதாசி விசயம்னா வேணாம் கண்ணு.

— அதேதான். ஜெகதீஸ்வரி டீச்சர் ரெண்டாவது தடவயும் குடுத்து விட்டிருக்காங்க. நாளைக்கி நர்ஸ் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆறாம் ஆண்டுப் பொம்பளப் புள்ளைங்களுக்கு ஊசி போடுறாங்க. இன்னைக்கிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலேன்னா நம்ம புள்ள வினோதாவுக்கு இல்ல. அப்பறம் நாமதான் ஆஸ்பத்திரிக்குத் தேடிக்கிட்டுப் போகணும். நீங்க கூட்டிக்கிட்டுப் போவீங்களா?

— மாட்டேன்.

— அதனாலதான் இப்பவே கேக்குறேன். நான் போட்டா செல்லாது. பள்ளிக்கூடத்துல பாதுகாவலர்னு உங்க பேரத்தான் எழுதியிருக்கு.

— அதத்தான் நானும் சொல்றேன். என் பேரு இருக்கு, எனக்குத்தான் பொறுப்பு. ஒன் தங்கச்சி சாகையில ஒன் கையப் புடிக்கல. என் கையப் புடிச்சி 'மாமா, புள்ளய உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்'னா.

— பிரேமினி எதுல செத்தா?

— இப்ப ஏன் அது?

— சொல்லுங்க. எதுல செத்தா?

— கர்ப்பப்பையில புத்துநோயி.

— கர்ப்பப்பை வாயில. இந்த ஊசி எதுக்கு?

— தெரியும். கடுதாசியப் படிக்காமயா மடிச்சு வச்சிருக்கேன்? மனப்பாடமே ஆயிருச்சு.

— தெரிஞ்சுமா இப்படி இருக்கீங்க? மகரகம புத்துநோய் ஆஸ்பத்திரியில முப்பத்திநாலு நாள் அவ கட்டில் பக்கத்துல கெடந்தவ நான். கைய இடுப்புக்கு மேல தூக்க ஏலாம, அவ வாயில கஞ்சி ஊத்தக் கூட பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாவக் கூப்பிடுவேன். அந்த மொகம்தாங்க இந்தப் புள்ளைக்கும். அதே மூக்கு, அதே நாடி.

— எனக்கு மட்டும் மனசு இல்லயா கண்ணு? ஒரு தடவ ஊசிய நம்பி நானே ஒன்னய இழுத்துக்கிட்டுப் போயி இப்படி ஆக்கிட்டேன். அது தெரியாமப் பண்ணது. தெரிஞ்சே இன்னொரு தடவ பண்ணச் சொல்றியா? புள்ளைக்குப் பதினோரு வயசு. நாளைக்கி அவளும் சட்டைய மாட்ட ஏலாம, தட்டத் தூக்க ஏலாம ஒக்காந்துட்டா, நான் பிரேமினிக்கு என்ன பதில் சொல்றது?

— போன மாசம் கிளினிக்ல டொக்டர்கிட்ட நீங்களே கேட்டீங்கல்ல. அவரு என்ன சொன்னாரு?

— என்னமோ சொன்னாரு.

— என்னமோ இல்ல. சொன்னத அப்படியே சொல்லுங்க.

— பொலிமயால்... அந்தப் பேரு இன்னும் என் வாயில நொழைய மாட்டேங்குது.

— சீக்கு எனக்கு, எனக்கே நொழையல. பேர விடுங்க.

— அம்பது வயசு தாண்டுன ஆளுங்களுக்குத் தானாவே வர்ற சீக்காம். தோளையும் இடுப்பையும் புடிச்சுக்குமாம். ஊசி போட்டதுக்கு அப்பறம் கொஞ்சப் பேருக்கு இப்படி வந்திருக்குன்னு டொக்டர்மாரு எழுதியும் இருக்காங்களாம். ஆனா கோடிக்கணக்கான சனத்துக்குப் போட்ட ஊசி, போடாம இருந்தாலும் அவங்கள்ல சில பேருக்கு வந்திருக்கும்தானேங்கிறாரு. 'ஊசிக்குப் பொறகு வந்துச்சுன்னா ஊசியாலதான் வந்துச்சுன்னு ஆகாது, ஒங்க சம்சாரத்துக்கு எதால வந்துச்சுன்னு நிச்சயமா எனக்குச் சொல்ல ஏலாது'ன்னாரு.

— பாத்தீங்களா.

— என்னத்தப் பாக்க? அவருக்குத் தெரியல. எனக்குத் தெரியும். பதினாறு நாளு கண்ணு. ரெண்டாவது கொரோனா ஊசி போட்டுப் பதினாறாவது நாளு நீ கட்டில்ல கட்ட மாதிரி கெடந்த. முந்துன நாள் சாயந்தரம் வரைக்கும் கூடையோட மலையேறி எறங்குனவ. தேதி எழுதி வச்சிருக்கேன்.

— அந்தப் பதினாறு நாளுக்குள்ள நான் ரெண்டு தடவ மழையில நனைஞ்சேன், கூடக் கொழுந்து எடுக்கிற ஜீவராணி வீட்டுல பூசணிக்காக் கறி தின்னேன். அதையும் எழுதி வச்சிருக்கீங்களா?

— வெளையாடாத.

— வெளையாடலங்க. அது கொரோனாவுக்குப் போட்டது, இது வேற. இந்த ஊசிய நம்ம தோட்டத்துலயே பெரிய புள்ளைங்க எத்தனையோ பேரு போட்டிருக்காங்க. எல்லாரும் கைய வீசிக்கிட்டுத்தான் திரியிறாங்க.

— இருக்கலாம். எனக்கு என்ன தெரியும், நான் எட்டாவதோட நின்னவன். எனக்குத் தெரிஞ்சது ஒன் கை ஒண்ணுதான். தைப்பொங்கலுக்குச் சூரியனுக்குச் சூடம் காட்டத் தட்டத் தூக்குன. நெஞ்சு வரைக்கும் போயி நின்னுருச்சு. நீ எங்களப் பாத்துச் சிரிச்ச. அப்ப எனக்குள்ள என்னமோ அத்துப் போச்சு.

— கீழ் லயத்துல நாலு வீட்டுல உங்களப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடாம இருக்காங்க. தெரியுமா?

— அவங்க புள்ள, அவங்க இஷ்டம். கொரோனா ஊசிக்குப் போன மாதிரி வீடு வீடாப் போயி நான் யாரயும் இழுக்க மாட்டேன். போதும். 'தலைவரு பொண்டாட்டியே வரலேன்னா தோட்டம் என்னய மதிக்குமா'ன்னு, அத்தன பேருக்கு முன்னால ஒன்னய என்னா ஏச்சு ஏசுனேன். சேலத் தலப்ப வாயில வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டே போயி வரிசையில நின்ன. என் மானத்துக்காகத்தான் நின்ன. அதுக்குத்தான் இது. என் கையில தெம்பு இருக்க வரைக்கும் ஒன் தலைய நான்தான் சீவுவேன்.

— என்னங்க.

— என்ன கண்ணு? அழுகுறியா?

— இல்ல. புள்ள வாறாளா பாருங்க.

— வரல. பீலியில கூட்டம்.

— அப்பனாச் சொல்லிர்றேன். நீங்க சீவிக்கிட்டே கேளுங்க. உங்க மொகத்தப் பாத்தா எனக்கு வாய் வராது.

— என்ன, பயங்காட்டுற?

— அன்னைக்கிப் பள்ளிக்கூட மண்டபத்துல பேரு வாசிச்சது யாரு?

— நான்தான். லிஸ்ட்டே என் கையிலதானே இருந்துச்சு.

— 'அம்மாக்கண்ணு'ன்னு கூப்பிட்டீங்க.

— கூப்பிட்டேன்.

— கூப்பிட்டுட்டு நிமிந்து பாத்தீங்களா?

— முந்நூத்து நாப்பது பேரு. எல்லாம் மலையில இருந்து நேரா வந்ததுங்க. வாயில மாஸ்க்கு, தலையில துணி, இடுப்புல படங்குச் சாக்கு. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. 'இருக்கேன்'னு கொரலு வந்துச்சு, பேருக்கு நேரா கோடு போட்டேன். நர்ஸ் அம்மாவும் கையத்தான் பாத்தாங்க.

— காலையில வேலைக்கு முந்தி பெரட்டுல பேரு வாசிக்கையில ஒருத்தி பிந்திட்டான்னா என்ன நடக்கும்?

— பக்கத்துல நிக்கிறவ 'இருக்கேன்'னு கொரலு குடுப்பா. அவ பேரு கணக்குல விழுந்துரும். கணக்கப்புள்ளைக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாரு. அதுக்கும் இதுக்கும் என்ன?

— அன்னைக்கும் அதாங்க நடந்துச்சு.

— யாரு குடுத்தா?

— ஜீவராணி.

— என்ன பேசுற நீ?

— அன்னைக்கி ஊசி போட்டது நான் இல்லீங்க. போட்டா ரெண்டு வருசத்துல சாவுன்னு யாரோ போன்ல அனுப்பியிருந்தாங்கல்ல, அதக் கேட்டு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வரிசையில நின்னு ஜீவராணிகிட்ட அழுதேன். அவ காலையிலயே தனக்குப் போட்டுட்டு, என்னய வேடிக்க பாக்க வந்திருந்தா. 'ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டா பலம்தானேடி, நீ கக்கூசுப் பக்கம் போ'ன்னா. போயிட்டேன். நீங்க என் பேரக் கூப்பிட்டது அங்க கேட்டுச்சு. அவ 'இருக்கேன்'னு சொன்னதும் கேட்டுச்சு.

— ரெண்டாவது ஊசி?

— அதுவும் அவதான்.

— அப்ப அவளுக்கு மொத்தம்...

— நாலு. ரெண்டு அவ பேருல, ரெண்டு என் பேருல. அவ பண்ணதும் தப்பு, நான் பண்ணதும் தப்பு. ஆனா நேத்து இருபத்தாறு கிலோ கொழுந்து எடுத்திருக்கா.

— நீ?

— எனக்கு ஒரு சொட்டு மருந்து ஒடம்புல போகல. ஊசியே போடாம, பதினாறாவது நாளு கட்டில்ல எந்திரிக்க ஏலாமக் கெடந்தேன். டொக்டர் சொன்ன மாதிரி, அது வாற வயசுல தானா வந்துச்சு. உங்க மேல குத்தமும் இல்ல, ஊசி மேல குத்தமும் இல்ல. என்னங்க, ஏன் சீப்பு நின்னுருச்சு?

— அம்மாக்கண்ணு.

— ம்.

— மூணு வருஷமா அந்தத் தேதிய எழுதுன பேப்பர்த் துண்ட சட்டப் பையில வச்சிக்கிட்டுத் திரியிறேன். கோயிலுக்குப் போனாலும் அதுதான், குளிக்கப் போனாலும் அதுதான். போன மாசம் டொக்டர் முன்னுக்குக் கையக் கட்டிக்கிட்டு, நான்தான் ஐயா இவளக் கெடுத்தேன்னு அழுதேன். நீ பக்கத்துலதான ஒக்காந்திருந்த?

— ஒக்காந்திருந்தேன்.

— பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த.

— பாத்துக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன். பாவின்னு திட்டுங்க. ஆனா திட்டுறதுக்கு முந்தி கையெழுத்தப் போட்டுட்டுத் திட்டுங்க. என் தங்கச்சி போன வழியில அந்தப் புள்ள போகக் கூடாது. எனக்கு அது போதும்.

— பேனா எங்க?

— ரேடியோப் பொட்டிக்குப் பக்கத்துல.

— இந்தா. எழுத்துக் கோணிப் போச்சு. டீச்சர் கேட்டா பெரியப்பாவுக்கு வயசாயிருச்சுன்னு சொல்லச் சொல்லு.

— நல்லாத்தாங்க இருக்கு. பேரு தெளிவா விழுந்திருக்கு.

— பெரட்டுக்கு முந்தி கீழ் லயத்துக்கும் போயிட்டு வந்துர்றேன். ஜீவராணி பேர எடுக்க மாட்டேன். நான் தப்பா நெனச்சுட்டேன், புள்ளைங்களுக்குப் போடுங்கன்னு சொல்றேன். அவ்வளவுதான்.

— போயிட்டு வாங்க. நான் தேத்தண்ணி ஊத்தி வைக்கிறேன்.

— இரு. இதச் சொல்லிட்டுத்தான் நீ எந்திரிக்கணும். அன்னைக்கே சொல்லியிருந்தா ஏசியிருப்பேன். நாலு நாளு மொகத்தத் தூக்கி வச்சிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். நான் இப்படித் தெனமும் சாகுறதப் பாத்துக்கிட்டு, மூணு வருஷம் ஏன் வாயத் தொறக்கல?

— கல்யாணம் முடிச்சு இருபத்தாறு வருஷமா, உங்களுக்குத் தோட்டம் இருந்துச்சு, சங்கம் இருந்துச்சு. உங்களாலதான் இப்படி ஆயிருச்சுன்னு நீங்க நெனச்ச அன்னைக்கித்தாங்க, மொத தடவயா என் பக்கத்துல வந்து ஒக்காந்தீங்க.