ஆறாவது இழுப்பு

ஒற்றை ஆளாகப் போனால் எங்கேயும் ஓர் இடம் கிடைத்துவிடும், சார். பேருந்தில் கிடைக்கும், ஓட்டல் மேசையில் கிடைக்கும், அந்த சினிமாப் பூங்காவிலும் கிடைத்தது. குடும்பம் குடும்பமாக ஏற்றிய பிறகு ஒவ்வொரு ராட்டினத்திலும் ஓர் இருக்கை மிஞ்சும். சீருடைக்காரர் ஒரு விரலைத் தூக்கி, "சிங்கிள் யாராவது இருக்கீங்களா, சிங்கிள்" என்று கூவுவார். நான் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவேன். வரிசையில் நிற்கும் நூறு பேரும் என்னை முறைப்பார்கள். மதியத்துக்குள் ஏழு ராட்டினம் ஏறிவிட்டேன். ஏழு குடும்பங்களில் தலா நான்கு நிமிடம் உறுப்பினராக இருந்திருக்கிறேன்.

இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை என்று தெரியும். நீங்கள் ஏற்கெனவே என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்குக் கோடு போட்டு, காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டீர்கள். நல்ல மனிதர். தண்ணீர்கூடக் கொடுத்தீர்கள். ஆனால் ஒன்பதாவது வரியில், 'அதீத பயத்தால் கை கால் உறைந்து, மணியை அடிக்க இயலாத நிலையில் இருந்தேன்' என்று இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். அந்த வரி தவறு. இரண்டாவது அறையில் கேமரா இல்லை என்பதால், நான் சொல்லாவிட்டால் அது தவறு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நான் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். போன மாதம் பயந்தாங்கொள்ளிகளைப் பதினொரு வகையாகப் பிரித்து எழுதினேன். முதல்வர் அறையிலேயே சிரித்தார்களாம். அடுத்த மாதம் பூங்காவின் எல்லா ராட்டினங்களையும் ஏறிவிட்டு எழுதுவதாக அறிவித்திருந்தேன். கூட வருவதாகச் சொன்ன மூன்று பேரில் ஒருவனுக்குக் காலையில் காய்ச்சல், ஒருவனுக்கு அத்தை வீட்டில் விசேஷம், ஒருவனை அம்மா விடவில்லை. என் பட்டியலில் அவர்கள் முறையே நான்கு, ஏழு, இரண்டாம் வகை.

அந்தக் குடும்பத்தை நான் முதலில் சந்தித்தது எட்டாவது ராட்டினத்தில். கார் துரத்தல் காட்சி மாதிரி அமைத்திருப்பார்கள், கடைசியில் கார் பாலத்திலிருந்து விழும். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், அவர் மனைவி, பத்து வயது மகள், மனைவியின் தம்பி. மிஞ்சிய இடம் வாத்தியாருக்குப் பக்கத்தில் எனக்கு. கார் கிளம்பியதிலிருந்து அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க தம்பி" என்றார். "இருபது வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்தே பொழப்பு. கால் தானா பிரேக்கைத் தேடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பிடித்துவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கார் விழும் இடத்தில் ஒரு கேமரா உண்டு. இறங்கி வந்தால் திரையில் எல்லோர் முகமும் பெரிதாகத் தெரியும். வாத்தியார் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கண்ணையும் இறுக மூடி, அவர் கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் தூசி விழுந்திருந்தது. மனைவியின் தம்பிக்கு அதைப் பார்த்து மூச்சு முட்டும் அளவுக்குச் சிரிப்பு.

"மாமா, உங்களுக்கு ரெண்டாவது பொண்டாட்டி கிடைச்சிருச்சு" என்றான். பிறகு எனக்குக் 'கண்மூடி' என்று பெயர் வைத்தான். ஐந்து நிமிடத்தில் அந்தச் சிறுமிகூட, "கண்மூடி அண்ணா, பாப்கார்ன் வேணுமா?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

அடுத்தது பேய்ப்பட அரங்கம். நான்கு அறைகள், நான்கு கதவுகள், முழு இருட்டு. ஐந்து ஐந்து பேராக அனுப்புவார்கள். அவர்கள் நான்கு பேர்; மிஞ்சிய இடம் மறுபடி எனக்கு. உதவி இயக்குநர் தொப்பி போட்ட ஒரு பெண், கையில் கிளாப் பலகையுடன் விதிகளைச் சொன்னாள்.

"இந்தக் கயித்துல அஞ்சு முடிச்சு இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. செத்தாலும் விடக்கூடாது. ஒவ்வொரு கதவு வந்ததும் நான் 'இருக்கீங்களா'ன்னு கேப்பேன். உள்ள இருக்கிற சத்தத்துல பதில் சொன்னா கேக்காது. முன்னாடி இருந்து வரிசையா ஒரு தடவை இழுக்கணும். அஞ்சு இழுப்பு வந்தாதான் கதவைத் திறப்பேன். குடும்பத்தை நடுவுல பிரிக்க மாட்டோம், அதனால சிங்கிள் எப்பவும் கடைசி. கடைசி ஆள் கையில மணி. யாருக்கு என்ன ஆனாலும் மணி அடிச்சா கட். விளக்கு எரியும், படம் நிக்கும்."

சொல்லிவிட்டு ஒரு பித்தளைக் கைமணியை என்னிடம் கொடுத்தாள். கூடவே வெளிச்சுவரைக் காட்டினாள். பெரிய மின்திரை. 'இன்று மணி அடித்தவர்கள்' என்ற தலைப்பின் கீழே படங்கள். மூடும் வரை ஓடும். பூங்காவின் இணையப் பக்கத்திலும் போடுவார்களாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்கள்.

"இவன்கிட்டயா மணி?" என்றான் தம்பிக்காரன். "முதல் கதவுக்குள்ள அடிச்சிருவான். எனக்கு இப்பவே காசைத் திருப்பிக் குடுங்க."

வாத்தியார் என் தோளில் கை போட்டார். "தம்பி அடிக்க மாட்டாரு. நான் பொறுப்பு."

இந்த வார்த்தைகளை நான் அடிக்கடி நினைத்துப்பார்க்கிறேன். யாரும் கேட்காமல் அவராகச் சொன்னது.

வாசலில் இதய நோயாளிகளுக்கு அனுமதி இல்லை என்று பலகை இருந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "என் இதயம் கல்யாணத்தன்னைக்கே இவகிட்ட போயிருச்சு. என்னை எந்தச் சட்டத்துல தடுப்பீங்க" என்றார். அவர் மனைவி, "வாயை மூடிட்டு வாங்க" என்றார். அவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அது. அவர்களுக்கும் அதுதான் கடைசி என்று பிற்பாடு புரிந்தது.

கயிற்றின் முன் நுனி தொப்பிக்காரப் பெண்ணின் கையில். தம்பிக்காரன் முதல் முடிச்சு. பிறகு சிறுமி, அவள் அம்மா, வாத்தியார், நான்.

முதல் அறை ஒப்பனை அறை. கண்ணாடிகளுக்குள்ளிருந்து கைகள் வந்தன. எனக்கு எதுவும் ஆகவில்லை. சட்டை நனைந்தது, காற்றோட்டம் சரியில்லை. இதயம் அடிக்கும் சத்தம் காதில் கேட்டது. அதை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். மணி மட்டும் தானாகவே மெல்லக் கிணுகிணுக்கத் தொடங்கியது. பழைய மணி. முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அதன் நாக்கை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் கதவில் ஐந்து இழுப்பும் சரியாக வந்தன.

இரண்டாவது அறை ஆஸ்பத்திரி வார்டு. கட்டில்களுக்கு நடுவே போக வேண்டும். போர்வைக்கு அடியிலிருந்து முனகல். பாதி தூரத்தில் எனக்கு முன்னால் கயிறு தளர்ந்தது. என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஈரமாக, சில்லென்று இருந்தது. பூங்காவின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தக் கை பேசியது.

"தம்பி. மணி அடிங்க. முடியல."

மெதுவாகச் சொன்னார். சார், நான் அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் கத்துவதைக் கேட்டிருந்தேன். உண்மையிலேயே பயந்த ஒருவர் கத்துவதில்லை. வழி கேட்பது போலப் பேசுகிறார். அதனால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று உங்கள் காகிதம் சொல்கிறது. தெரிந்தது.

என் கை மணியின் நாக்கில்தான் இருந்தது. விரல்களைத் திறந்தால் போதும். ஆட்டக்கூட வேண்டியதில்லை, அது தானாகவே ஒலித்திருக்கும். நான் யோசித்தேன். விளக்கு எரியும். எல்லோரும் திரும்புவார்கள். மணி யார் கையில் இருக்கிறதோ அவன் படம்தான் திரையில் வரும், எதற்காக அடித்தான் என்று கீழே எழுத மாட்டார்கள். தம்பிக்காரன், "நான் சொல்லல?" என்பான். வாத்தியார் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

அவர் மணியை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். நான் அதை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர் என் காலடியில் சரிந்தார். அவர் ஷூ என் கணுக்காலை அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

முன்னால் கதவு வந்துவிட்டது. "இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு நின்றது. அவருடைய நான்காவது முடிச்சு காலியாகத் தொங்கியது. என் முடிச்சைக் கீழே விட்டுவிட்டு, ஓர் அடி முன்னால் போய் அதைப் பிடித்தேன். ஒரு தடவை இழுத்தேன். கொஞ்சம் இடைவெளி விட்டு, சற்று மெதுவாக, இன்னொரு தடவை இழுத்தேன். இரண்டு வேறு ஆட்கள் இழுப்பது போல இருக்க வேண்டும் அல்லவா. நான் எழுதுகிறவன், இந்த மாதிரி நுணுக்கங்கள் எனக்குத் தானாக வரும்.

ஐந்து ஆகிவிட்டது. தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டது. அப்போது கயிறு எனக்குப் பின்னாலிருந்து ஒரு தடவை இழுபட்டது.

என் ஐந்தாவது முடிச்சு தரையில் கிடந்ததல்லவா, அது அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. விதியை ஒழுங்காகக் கேட்டிருந்தார். யாராவது எண்ணுவார்கள் என்று நம்பியிருக்கிறார்.

எண்ணினாள். "ஆறு வருதே" என்றாள் தொப்பிக்காரி. "அஞ்சு பேருதானே உள்ள வந்தீங்க? யாரது புதுசா?"

சிறுமி வீறிட்டாள், பிறகு சிரித்தாள். தம்பிக்காரன் சிரித்தான். அவர் மனைவி, "ஏங்க, சும்மா இருங்க" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் விளையாடுகிறார் என்று எல்லோருக்கும் தோன்றியது. அவர் சுபாவம் அப்படி. கதவு திறந்தது, எல்லோரும் நகர்ந்தார்கள். கயிறு இறுகியது. நான் லேசாகச் சுண்டினேன். வந்துவிட்டது.

மூன்றாவது கதவிலும் நானே இரண்டு இழுத்தேன். நான்காவதிலும். இரண்டிலும் ஐந்துதான் வந்தது. ஆறாவதுக்காக நான் காத்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. வரவில்லை.

வெளியே நல்ல வெயில். தம்பிக்காரன் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினான். "கண்மூடி, மன்னிச்சுக்கப்பா. உன்னைத் தப்பா எடை போட்டுட்டேன். நீ ஆளுதான்." வெகுநேரம் கையைக் குலுக்கினான். அவர் மனைவி, "அவர் எங்க?" என்று கேட்டார். "பின்னாடி வர்றாரு" என்றேன். தொப்பிக்காரி படமெடுக்கக் கூப்பிட்டாள். மணி அடிக்காமல் வருகிறவர்களுக்கு அங்கே தனிப் படம் உண்டு. "அப்பா வரட்டும்" என்றாள் சிறுமி. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றோம். குடும்பப் படத்தில் நான் நிற்பது அதுதான் முதல் தடவை. அப்படி நான்கு நிமிடம் காத்திருந்தோம். பத்து நிமிடம் முன்னால் வெளியே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பத்தில் இந்த நான்கும் சேரும். கணக்கு விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு தம்பிக்காரன் உங்களிடம், "பாவம் சார், பையன் பயத்துல உறைஞ்சுட்டான், விட்டுருங்க" என்றானாம். அந்த அம்மாவும் அழுதுகொண்டே, "சின்னப் பையன், அவன் என்ன பண்ணுவான்" என்றாராம். பெரிய மனசு. ஆனால் மதியம் வைத்த பெயரையே மாலையிலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒன்பதாவது வரியை அடித்துவிடுங்கள். இப்படி எழுதுங்கள்: மணி என் கையில் இருந்தது. கை நன்றாக இயங்கியது. அவர் கேட்டார், நான் கேட்டேன், கொடுக்கவில்லை. அவர் பெயரில் மூன்று தடவை கயிற்றை இழுத்தேன். அவர் பிடித்திருந்த கயிற்றைப் பிடுங்கினேன். அவரைக் கொன்றது நான். அந்த இருட்டில் ஐந்து பேரில் பயப்படாதவன் நான் ஒருவன்தான்.

பேனாவைக் கொடுங்கள். இந்த அறையில் ஏசியைக் கொஞ்சம் அதிகமாக வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்று, சார். நீங்கள் வெளியே போகும்போது அந்த விளக்கை மட்டும் அணைக்க வேண்டாம். பயமெல்லாம் இல்லை. அணைத்தால் இந்த மணிக்கட்டை யாரோ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இழுக்கிறார்கள்.