மீட்புப் படகுக்கு ஆள்

பள்ளிப் படகுப் போட்டிக்கு வேலை செய்ய ஆள் பிடிப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது சார். மைக் பிடிக்க வாருங்கள் என்றால் நான் நீ என்று முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நிற்க ஆள் கேட்டால் அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தான் மூட்டுவலி வரும். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது, ஒரு தொப்பி தருவார்கள்.

நான் மீட்புப் படகு ஓட்டினேன். போட்டிப் படகுகளுக்குப் பின்னால், அலை கிளப்பாமல், மோட்டாரைத் தணித்து வைத்துக்கொண்டு போக வேண்டும். ஏதாவது கவிழ்ந்தால் பாய வேண்டும். என் மகள் துடுப்புப் போட ஆரம்பித்த வருடம் பிடித்த வேலை. அவள் பள்ளி முடித்து, வேறு ஊரில் கல்யாணமும் ஆகிவிட்டது. நான் விடவில்லை. பிள்ளைகள் என்னை கேப்டன் அங்கிள் என்பார்கள். வீட்டில் என்னை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என் மனைவிகூட, "இந்தாங்க, காபி" என்பதோடு சரி.

ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் விசில் மேடம். நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். போன சீசன் தொடக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணியில இறங்குற வேலைக்கெல்லாம் இப்ப படிக்கிற பிள்ளைங்களோட பேரன்ட்ஸ் மட்டும்தான்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. பல் டாக்டரோட பையன் இப்ப டீம்ல இருக்கான், அவர் படகை எடுத்துக்கறேன்னு சொல்றார். நீங்க கரையில செக்கிங் பாருங்களேன். நிழல்ல உக்காந்து பாக்குற வேலைதான்."

"அதுக்கென்னம்மா, பாத்துட்டாப் போச்சு" என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்குச் சாவியைக் கொடுத்தேன், கயிறு, மிதவை வளையம் எல்லாவற்றையும் காட்டினேன். மோட்டார் பக்கத்தில் ஒரு கத்தி தொங்கும். அதைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அது நான் கடையில் வாங்கியது, என் சொந்தக் கத்தி. அவரும் கேட்கவில்லை.

செக்கிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு மற்றது விளங்கும். ஒற்றையாள் படகில் ஷூவின் முன்பக்கம் மட்டும் ஒரு பலகையோடு திருகப்பட்டிருக்கும். பிள்ளை உட்கார்ந்து அதற்குள் காலை விட்டு லேஸை இறுக்கிக்கொள்ளும். ஷூவின் குதிகாலைப் பலகையோடு கட்டி ஒரு குட்டிக் கயிறு இருக்கும். படகு கவிழ்ந்தால் அந்தக் கயிறுதான் ஷூவை இழுத்துப் பிடிக்கும், கால் உருவிக்கொண்டு வெளியே வரும். கயிறு இல்லாவிட்டால் ஷூவின் குதிகாலும் காலோடு சேர்ந்து தூக்கிக்கொள்ளும், கால் கழலாது. ஆகவே ஒவ்வொரு படகும் தண்ணீரில் இறங்குமுன் ஷூவுக்குள் கையை விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். துடுப்பைப் படகோடு பிடித்திருக்கும் கொக்கியின் திருகையும் பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் ஓட்டத்தின் நடுவில் துடுப்பு கழன்றுகொள்ளும், படகு குப்புற விழும்.

நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன். வாரா வாரம் உட்கார்ந்து ஷூவுக்குள் கையை விட்டேன். எதிரே ஏரியில் பல் டாக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் படகில் போவார். பிள்ளைகள் அவருக்குக் கையாட்டுவார்கள். என்னைத் தாண்டும்போது, "அங்கிள், சீக்கிரம்" என்பார்கள். கேப்டன் போய்விட்டது, அங்கிள் மட்டும் மிச்சம். வயிறு எரிந்தது சார். பொய் சொல்வானேன்.

அவருக்கு அந்த வேலை தெரியாது என்பதுதான் விஷயம். ஆனால் ஒன்றும் நடக்காத வரைக்கும் மீட்புப் படகில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதானே. ஒரு பொம்மையை உட்கார வைத்தால்கூடப் போதும். ஏதாவது ஒன்று நடந்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. இதில் தப்பு இருப்பதாக இப்போதும் நான் நினைக்கவில்லை. பாதுகாப்பைப் பற்றிய நினைப்புதான்.

அன்றைக்குச் சுண்டெலியின் படகு வந்தது. ஆள் பொடிசாக இருப்பதால் அவளைப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவார்கள். ஷூ புத்தம் புதுசு. கையை விட்டு இழுத்தேன். இரண்டு குதிகாலும் பொசுக்கென்று மேலே வந்தன. கயிறு இல்லை.

"ஷூ யாரும்மா மாட்டினது?"

"அம்மாதான் அங்கிள். பர்த்டே கிஃப்ட். நல்லா இருக்குல்ல?"

நன்றாக இருக்கிறது என்றேன். கயிற்றைக் கட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, டப்பாவில் நிறையவே கிடந்தது. அவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினேன். கொக்கியின் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். அவள் வந்து முதுகை வளைத்துப் படகைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏன் அந்தப் பெண் என்று கேட்பீர்கள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கயிறு கட்டியிருக்கும் படகு கவிழ்ந்தால் பிள்ளை சிரித்துக்கொண்டே மேலே வந்துவிடும், அதற்கு மீட்புப் படகே தேவையில்லை. தவிர, அணியிலேயே அவள்தான் நன்றாக நீந்துவாள். அதையெல்லாம் யோசிக்காமல் நான் செய்யவில்லை.

பாதித் தூரத்தில், படகுத்துறைக்கு நேரே, துடுப்பு கழன்றது, படகு கவிழ்ந்தது. நான் அங்கே போய் நின்றிருந்தேன். பக்கத்தில் நடுவர்களின் மோட்டார் படகு சும்மா கட்டிக் கிடந்தது. டாக்டர் விறைத்துப்போய் நிற்பார், "கேப்டன் அங்கிளைக் கூப்பிடுங்க" என்று யாராவது கத்துவார்கள், நான் போவேன். என் கணக்கு அவ்வளவுதான்.

டாக்டர் விறைத்துப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடி, போன் எல்லாவற்றோடும் குதித்துவிட்டார். அவள் தலை தண்ணீருக்குள், கால் படகில். அவர் மூழ்கி மூழ்கி லேஸை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருக்கும், நகத்தால் முடியாது. மேலே வந்து, "கத்தி, கத்தி எங்கப்பா?" என்று அலறினார். படகையே புரட்டிப் போட்டிருந்தால் அவள் தலை வெளியே வந்திருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கரையிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும்.

நான் காத்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. விசில் மேடம் ஊதிக்கொண்டே இருந்தார், பெற்றோர்கள் டாக்டர் டாக்டர் என்று கத்தினார்கள். கூப்பிடாத இடத்துக்குப் போய் நிற்பது என் பழக்கமில்லை. என்னை அப்படி வளர்க்கவில்லை.

கரையில் கிடத்தியபோதும் ஷூ அவள் காலிலேயே இருந்தது. பலகையோடு பெயர்த்து எடுத்திருந்தார்கள், அந்த அமளியில் கயிறு இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஒன்றும் செய்வதற்கில்லை என்று எல்லோருக்கும் முன்பே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அழுதார். அன்றோடு தண்ணீர்ப் பக்கம் வருவதில்லை. அவருடைய பையனையும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் விசில் மேடம் வீட்டுக்கே வந்து சாவியைக் கொடுத்தார். "ரூலாவது ஒண்ணாவது. இனிமே நீங்கதாண்ணா" என்றார். வாங்கிக்கொண்டேன். செக்கிங் வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. அதை யார் கேட்டு வாங்கிக்கொண்டது தெரியுமா? சுண்டெலியின் அம்மா. வீட்டில் இருக்க முடியவில்லையாம். ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விடுகிறாள், இழுக்கிறாள், மறுபடி விடுகிறாள். அவளால் ஓட்டங்கள் தாமதமாகின்றன, யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஒருநாள் கேட்டாள். "அண்ணா, அன்னிக்கு அவ ஷூல கயிறு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா, நான்தான் பாத்தேனே."

"இல்லண்ணா. ஷூ மாட்டினது நான். பழசுலேருந்து கயித்தை எடுத்துக் கட்டின ஞாபகமே எனக்கு வரல. நீங்க என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க."

நேற்று அவள் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து, "என் பிள்ளையைக் கொன்னது நான்தான், எழுதிக்கோங்க" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். அவள் சொல்வது சரியில்லை சார். ஷூவை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். பார்த்து அனுப்ப வேண்டியது செக்கிங் ஆளின் பொறுப்பு, அன்றைக்கு அந்த ஆள் நான். கயிறு இல்லை என்று தெரியும். திருகைத் தளர்த்தியது நான். கத்தி என் பையில் இருந்தது. என் பொறுப்பை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு விஷயம். சனிக்கிழமை போட்டி இருக்கிறது, விசில் மேடத்திடம் சொல்லி வேறு நல்ல ஆளாகப் பார்க்கச் சொல்லுங்கள், யாரையோ பிடித்து உட்கார வைத்துவிடப் போகிறார். அந்தப் படகு என் கையில் இருந்தவரைக்கும் ஒரு பிள்ளைகூடச் செத்ததில்லை.