முரசை நிறுத்தாதவன்

தலைமை தாங்கும், ‘தாம்’ என்னும் நம் குலத்தின் மூத்தவர் அவர்களே, முன்வரிசையில் முதுமையோடும் முழங்கால் வலியோடும் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, படகு விருந்துக்குச் சோறு பொங்கிக் கை சிவந்த தாய்மார்களே, நாளைய பந்தயத்தில் லுக்வான் ஊரை வென்றே தீருவோம் என்று தோள் தட்டும் துடுப்புக்காரத் தம்பிகளே, உங்கள் பழைய முரசுக்காரனின் வணக்கம்.

போட்டி வேண்டாம் என்று நம் குலமண்டபச் சுவரில் எழுதியிருக்கும் பழஞ்சொல்லுக்குப் பொருள் சொல்ல அழைத்தீர்கள். அந்தப் பொருளைப் பாவம் செய்து கற்றவன் நான்.

லுக்வான் நமக்கு மூத்த ஊர், அதனால் அவர்கள் படகு நமக்கு அண்ணன் படகு. முன்பெல்லாம் அது எதிரே வந்தால் முரசை நிறுத்துவோம், துடுப்பைத் தூக்குவோம், ஒதுங்கி வழிவிடுவோம். பிறகு அவர்கள் மண்டபத்தில் நமக்கு விருந்து. பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் மாதப் படகுத் திருநாளில், குறுகிய கால்வாயில் அந்தப் படகு வந்தது. நம் படகில் சுக்கான் பிடித்திருந்தவர் மான்லுங் அண்ணன்.

"டேய் சிங், முரச நிறுத்துடா. பெரியவங்க வராங்க."

"வருசா வருசம் நாமளே ஒதுங்கணுமாண்ணே? கரையில எல்லாம் சிரிக்குறாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஒதுங்குனா தேஞ்சா போயிடுவ? மத்தியானச் சோறு அவங்க வீட்லதான."

நிறுத்தினேனா? இல்லை, வேகம் கூட்டினேன். முரசு முழங்கினால் முப்பது பேரின் கை கேட்கும். மூத்தவர் சொல் எங்கே கேட்கும்? இடித்தோம், கவிழ்ந்தோம். எல்லோரும் கரையேறினோம். அண்ணன் ஏறவில்லை.

பின்வரிசையில் யாரது, "இடிச்சது லுக்வான்காரனுங்க" என்பது? தம்பி, அந்தப் பொய்யைக் கட்டிவிட்டவன் நான். என்னோடு இருந்தவர்கள் ஊர் மானத்துக்காக வாய் மூடினார்கள்.

லுக்வான்காரர்கள் மறுத்தார்களா? வழக்காடினார்களா? அண்ணன் உடலை மூன்று நாள் தேடி எடுத்துத் தந்தார்கள். ஆண்டுதோறும் விருந்துக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். நாம் கிழித்துப் போடுகிறோம். இப்படிப்பட்டவர்களை எந்தப் பந்தயத்தில் வெல்லப் போகிறீர்கள்? எனக்குத் தெரியவில்லை, தம்பிகளே. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நாளை காலை நான் லுக்வான் போகிறேன். இடித்தது நாங்கள் என்று அவர்கள் மண்டபத்தில் சொல்வேன். வருகிறவர்கள் வாருங்கள்.

மான்லுங் அண்ணனின் மனைவி எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள், அண்ணி.

"பதினோரு வருசமா ஒவ்வொரு திருநாளுக்கும் எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டியே, சிங். ஒரு தடவயாவது சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம், அண்ணி.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. யாரும் கைதட்ட வேண்டாம். வணக்கம்.