குமாரசாமி கேட்ட குத்து

சாட்சி தெய்வாத்தாள், வயது எழுபத்து மூன்று இருக்கும், காலஞ்சென்ற பொன்னுசாமியின் மனைவி, கல்லாங்காட்டுப்புதூர், பொங்கலூர் வழி, பல்லடம் வட்டம், 2006-ஆம் வருடம் நவம்பர் மாதம் விசாரணையில் கூறியதாவது:

நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து விவசாயம் பார்த்து வருகிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன், கையெழுத்துப் போடுவேன். இந்த வழக்கில் புகார் கொடுத்துள்ள குமாரசாமி என் கொழுந்தனார் மகன் ஆவார். பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் நடத்துகிறார். சில வருடங்களுக்கு முன் அவருடைய பட்டறைத் தண்ணீர் என் கிணற்றில் இறங்கி, என் எருமை சிவந்த வாயோடு தொட்டியை விட்டுத் தலையைத் தூக்கி நின்றதை நான் காட்டியபோது, "எருமைக்கு லிப்ஸ்டிக் போட்டுட்டீங்களா பெரியம்மா" என்று கேட்டுச் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை. இந்த விரோதத்தை நானே சொல்லிவிடுகிறேன், அவருடைய வக்கீல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

குமாரசாமி இதுவரை மூன்று கட்சிகளில் இருந்துள்ளார். வாசலில் நட்ட கம்பம் ஒன்றுதான், துணி மட்டும் மாறும். சென்ற மாதம் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சி கிடையாது என்பதால் பூட்டுச் சின்னத்தில் நின்றார். எதிர்த்து ஏணிச் சின்னத்தில் நின்ற சுப்பண்ணன், சாயத் தண்ணீரைப் பற்றி மனுக் கொடுத்துக்கொண்டு திரிகிறவர். எங்கள் தெருப் பங்காளிகள் மாகாளியம்மன் கோவிலில் கூடி, ஓட்டு நம்ம பையனுக்குத்தான் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கிணற்றிலும் என் கிணற்றைப் போலவே சாயத் தண்ணீர்தான். ஆனாலும் கம்பெனியில் பிள்ளைக்கு வேலை, கல்யாணத்துக்குக் கார் என்று ஆளுக்கொரு பயம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு குமாரசாமி, உறவில் பெரியவள் கூட வந்தால் நன்றாயிருக்கும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு, தன்னுடைய லைன் வீடுகளுக்கு ஓட்டுக் கேட்கப் போனார். அங்கே மதுரைப் பக்கமிருந்து வந்து அவர் கம்பெனியில் தைக்கிறவர்கள் வெகுகாலமாகக் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இங்கே ஓட்டு உண்டு. அப்போது டெய்லர் பாண்டித்துரை முன்னால் வந்து, "அம்புட்டுப் பேரும் ஒங்களுக்குத்தேன் மொதலாளி. காலையில மொத வேலையாக் குத்திப்புட்டுத்தேன் டீயே குடிப்பம்" என்றார். ஓட்டுச்சீட்டில் முத்திரை வைப்பதைத்தான் எல்லோரும் குத்துவது என்பார்கள். குமாரசாமி கும்பிட்டு, "நல்லா அழுத்திக் குத்துங்கப்பா, கட்டத்துக்கு வெளிய போயிறாம" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு ஓட்டு எண்ணியதில் குமாரசாமி தோற்றார். லைன் வீட்டு வார்டுப் பெட்டியில் பூட்டு முந்தியது. எங்கள் தெருப் பெட்டியில் ஏணி முந்தியது. சொந்தப் பங்காளிகள் கைவிட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு, தெற்கத்திக்காரர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்று குமாரசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொறுக்காமல் பாண்டித்துரை டீக்கடையில் நாலு பேர் முன்னால், "எங்க பெட்டியில பூட்டுதேன் செயிச்சிருக்கு. ஒங்க பங்காளிக பெட்டியில என்னாச்சுன்னு கேளுங்க மொதலாளி" என்று கேட்டுவிட்டார். மறுநாள்தான் குமாரசாமிக்குக் காது கேட்டிருக்கிறது. "உன்னைக் குத்திவிட்டுத்தான் டீ குடிப்போம்" என்று தேர்தலுக்கு முன்பே பாண்டித்துரை கத்தியைக் காட்டிக் கொலை மிரட்டல் விட்டதாகப் புகார் எழுதிக் கொடுத்தார். கத்தியைக் காட்டுகிறவனிடம் அழுத்திக் குத்து என்று கேட்கிற அளவுக்கு அவர் வீரர் அல்ல. சிறு வயதில் அம்மை ஊசி போட வந்தபோது வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டவரைக் காலைப் பிடித்து இழுத்து வந்தவள் நான்.

பாண்டித்துரையை போலீஸ் பிடித்துப் போன அன்றே அவர் மனைவி ஒச்சம்மாளையும் இரண்டு பிள்ளைகளையும் வெளியே விட்டு, குமாரசாமி ஆள் வைத்து வீட்டைப் பூட்டிவிட்டார். அந்தச் சின்னத்தால் ஊரில் நடந்த காரியம் அது ஒன்றுதான். அவர்கள் இப்போது என் மாட்டுக்கொட்டகைப் பக்கத்து அறையில் இருக்கிறார்கள்.

அதன் பிறகு நேற்று குமாரசாமியின் மனைவி சாமியாத்தாள் என் வீட்டுக்கு வந்து, "அத்தை, கத்தியப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. நம்ம ஊட்டு மானமுங்க" என்றாள். "உங்க ஊட்டு மானம் எங்க எருமை வாயில இருக்குது, வந்து பாத்துட்டுப் போ சாமி" என்றேன். போய்விட்டாள்.

எங்கள் தெருவில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என இதை எழுதிக்கொள்ளும் ஐயா கேட்டார்கள். மற்றவர்களைப் பற்றிப் பெட்டி சொல்லிவிட்டது. நான் ஏணிக்குக் குத்தினேன். கற்பூரத்தை நானும்தான் அணைத்தேன், மாகாளியிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஓட்டு ரகசியம், அதை எழுத வேண்டாம் என்று ஐயா பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார்கள். எழுதினால்தான் கையெழுத்து என்று சொன்னேன். பாண்டித்துரை டீக்கடையில் சொன்னது நிஜம் என்று எங்கள் தெருவில் ஒருத்தியாவது சொல்லாவிட்டால் அவர் உள்ளேதான் இருப்பார். குமாரசாமியைக் குத்துவதாக யாரும் சொல்லவில்லை. குமாரசாமிக்குக் குத்துவதாகச் சொன்னவர்களில் குத்தாமல் விட்டது நாங்கள்தான்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை. கோர்ட்டில் குமாரசாமியின் முகத்துக்கு நேராகவும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) பொ. தெய்வாத்தாள்